காரில் பாட்டு வேண்டும். பின் சீட்டில் இடி வேண்டாம்!

கார் வாங்கியாயிற்று. கோவிலில் பூஜை போட்டாயிற்று. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வருகிறார். காரில் ஏறுகிறார். பாட்டைப் போடுகிறார். முகத்தைச் சுளிக்கிறார்.

"என்ன அத்தான்! தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதே! நல்ல ஸ்பீக்கராகப் போடுங்கள்."

அவ்வளவுதான். இருவரும் கடைத்தெருவுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. மற்ற ஊர்களிலும் கார் சாமான் விற்கும் தெரு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைக்கிறார். "இது 600 வாட் சார்! போட்டால் கண்ணாடி அதிரும்" என்கிறார்.

முட்டை வடிவத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். அவை காரின் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் ஏறி உட்காருகின்றன. கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. கண்ணாடி அதிருகிறது.

மைத்துனருக்கு மகிழ்ச்சி. அத்தானுக்குப் பெருமை. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை காதைப் பொத்திக் கொள்கிறது.

நம் ஊர்க் கார்களில் பலவற்றில் நடப்பது இதுதான். இது தலைகீழான வேலை என்பது என் கருத்து. பணத்தை முன் கதவில் போட வேண்டும். பின்னால் போடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

குழந்தையின் காது எங்கே இருக்கிறது?

காரை ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிறார். சத்தத்தைக் கூட்டும் குமிழ் அவர் கையில் இருக்கிறது. ஸ்பீக்கரோ பின்னால் இருக்கிறது.

அவருக்குச் சத்தம் போதவில்லை என்று தோன்றுகிறது. திருகுகிறார். அவர் காதுக்கு அளவாக வரும்போது, பின் சீட்டில் அது அளவை மீறி விடுகிறது. அங்கே இருப்பவர்களின் தலைக்கும் தட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு முழம்தான் இடைவெளி.

அங்கே யார் உட்காருகிறார்கள்? குழந்தைகள். தாத்தா. பாட்டி. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்.

"கொஞ்சம் குறையுங்களேன்" என்று பின்னால் இருந்து குரல் வரும். முன்னால் இருப்பவர் காதில் அது விழாது. விழுந்தாலும், "இதுவே கம்மிதான்" என்று பதில் வரும். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டு பேருக்கும் கேட்பது ஒரே அளவு சத்தம் இல்லை!

சத்தத்தை டெசிபெல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். அமெரிக்காவில் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும்.

88 டெசிபெல் என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் ஒரே மணி. 100 டெசிபெல் என்றால் வெறும் 15 நிமிடம்!

சென்னையில் இருந்து மதுரைக்குக் காரில் போகிறீர்கள். பின் சீட்டில் 94 டெசிபெல் ஓடுகிறது. செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அன்றைய கணக்குத் தீர்ந்து விடும். அதற்கு அப்புறம் மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், திருச்சி எல்லாம் பாக்கி இருக்கிறது.

இது வளர்ந்த ஆள் தொழிற்சாலையில் நிற்பதற்குப் போட்ட கணக்கு. குழந்தைக்கு இன்னும் குறைவு. பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபெல். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல்தான்.

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் அழிந்ததுதான். தலைமுடி போல மீண்டும் முளைப்பதில்லை.

சத்தத்தை அளக்கக் கைபேசியிலேயே செயலிகள் உண்டு. அவை சொல்வது ஓரளவுக்குத்தான் சரியாக இருக்கும். ஆனாலும் நிலைமையைத் தெரிந்து கொள்ள அது போதும். அளக்கும்போது கைபேசியை முன்னால் வைக்காதீர்கள். பின் சீட்டில், குழந்தையின் தலை இருக்கும் உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

காது மட்டும் இல்லை

இன்னொரு வகைக் காரும் உண்டு. பின் கதவு மேலே தூக்கும் சிறிய கார். அதில் பின்னால் இருப்பது இரும்புத் தட்டு அல்ல. எடுத்து மாட்டுகிற அட்டைப் பலகை. அதன் மேல் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சும்மா உட்கார வைத்திருப்பார்கள்.

கார் திடீரென்று நின்றால் பெட்டி நிற்காது. காரின் வேகத்திலேயே முன்னால் பாய்ந்து வரும். முதலில் அடிபடுவது பின் சீட்டில் இருப்பவரின் தலைதான்.

ஆகவே பின் தட்டில் எதையும் சும்மா வைக்காதீர்கள். இது பாட்டுக்காகச் சொல்வது அல்ல. உயிருக்காகச் சொல்வது.

அதோடு, வெளியே இருந்து வரும் ஒலியும் காதில் விழ வேண்டும். ஆம்புலன்ஸ் பின்னால் அலறிக்கொண்டு வருகிறது. உள்ளே பாட்டு அதை விட அதிகமாக அலறுகிறது. வழி விடாமல் போகிறீர்கள். 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "காதில் விழவில்லை" என்பது சாக்காகாது.

முதன் முதலில்

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அமைப்பு ஏறத்தாழ நூறு வயதானது. அமெரிக்காவைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்சினியர்கள் அதை 1925-ம் ஆண்டில் விளக்கி எழுதினார்கள். ஒரு காந்தம். அதன் நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசையும். காற்று அதிரும். ஒலி பிறக்கும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1930-ல், கால்வின் என்பவரின் கம்பெனி காரில் வைக்கும் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மோட்டாரில் வைப்பதால் அதற்கு "மோட்டாரோலா" என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் கைபேசி விற்ற அதே மோட்டாரோலாதான்!

அந்தக் காலத்துக் கார் ரேடியோவுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர். அதுவும் முன்னால்தான் இருந்தது. இப்போது கடைகளில் குவிந்து கிடக்கும் ஸ்பீக்கர்களும் அதே காந்தம், அதே சுருள், அதே கூம்பு. பெட்டியில் அச்சடிக்கும் எண்தான் பெரிதாகிக்கொண்டே போகிறது.

600 வாட் மாயம்

அந்த எண்ணைப் பற்றிப் பார்ப்போம்.

ஆற்றுப் பாலத்தின் முகப்பில் "10 டன் தாங்கும்" என்று எழுதியிருக்கிறது. பாலத்தின் மேல் எப்போதும் 10 டன் போகிறது என்று அர்த்தமா? ஒரு சைக்கிள்தான் போகலாம். அல்லது ஓர் ஆடு போகலாம்.

ஸ்பீக்கர் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டும் அப்படியே. ஸ்பீக்கர் வாட்டை உண்டாக்குவது இல்லை. கொடுத்தால் தாங்கும், அவ்வளவுதான். 600 என்று பெரிதாக எழுதியிருப்பது, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்கக்கூடிய உச்சம்.

சரி, கொடுப்பது யார்? டாஷ்போர்டில் இருக்கும் செட். அது எவ்வளவு கொடுக்கும்?

காரின் பாட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட். இந்த வோல்ட்டை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண செட், ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது 20 வாட் அளவுதான். செட்டின் மேல் "50 வாட் - 4 ஸ்பீக்கர்" என்று எழுதியிருக்கும். அதுவும் கண நேர உச்சக் கணக்குத்தான். மயங்க வேண்டாம்.

ஆக, சைக்கிள் போகிற பாதைக்கு 10 டன் பாலம் கட்டுகிறோம். காசு பாலம் கட்டியவருக்குப் போகிறது.

பெட்டியில் "ஆர்.எம்.எஸ்." என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் சின்னதாக இருக்கும். தொடர்ந்து எவ்வளவு வாட் தாங்கும் என்று சொல்வது அதுதான். அதைப் பாருங்கள். அந்த எண்ணே இல்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

யாரும் கேட்காத கேள்வி

வாட்டை விட முக்கியமான எண் ஒன்று உண்டு. கடையில் அதை யாரும் கேட்பதில்லை.

"சென்சிட்டிவிட்டி எத்தனை?" என்று கேளுங்கள்.

ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுக்கிறார்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று சத்தத்தை அளக்கிறார்கள். அதுதான் சென்சிட்டிவிட்டி. நல்ல மாடு குறைந்த தீனிக்கு நிறையப் பால் கறப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்பீக்கர் 86 டெசிபெல். மற்றொன்று 92. பார்த்தால் சிறிய வித்தியாசம். கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம்! 92 உள்ள ஸ்பீக்கர் 20 வாட்டில் எழுப்பும் சத்தத்தை, 86 உள்ள ஸ்பீக்கர் எழுப்ப வேண்டுமானால் 80 வாட் வேண்டும். நம் செட்டிடம் 80 வாட் இல்லை. ஆகவே செட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மாற்றுகிறவர்கள் 90-க்கு மேல் உள்ளதைத் தேடுவது நல்லது.

இதிலும் ஒரு சூது உண்டு. சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. கார் ஸ்பீக்கரில் அது 2 வாட் ஆகிறது. அதனால் எண் 3 டெசிபெல் கூடித் தெரியும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஓம்" என்று ஒரு கணக்கும் பெட்டியில் இருக்கும். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். சில கார்களில் கம்பெனியே 2 ஓம் போட்டு வைத்திருக்கும். அங்கே 4 ஓம் போட்டால் சத்தம் குறையும். "புதிது போட்டும் பழையதை விட மோசமாக இருக்கிறதே!" என்று அலைகிறவர்கள் சிலருக்கு இதுதான் காரணம். 4 ஓமுக்கு என்று செய்த செட்டில் 2 ஓம் போட்டாலோ செட் சூடேறிக் கெட்டுப்போகும்.

அளவைப் பொறுத்தவரை பல கார்களின் முன் கதவில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் உட்காரும். அகலத்தை மட்டும் பார்க்காமல் ஆழத்தையும் பாருங்கள். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி கீழே இறங்கும்போது இடிக்கும்.

ஒரே ஸ்பீக்கரில் நடுவே சின்ன ட்வீட்டரும் சேர்ந்து இருப்பது ஒரு வகை. ட்வீட்டர் தனியாக, பெரிய ஸ்பீக்கர் தனியாக இருப்பது இன்னொரு வகை. புல்லாங்குழல், ஜால்ரா போன்ற மெல்லிய ஒலிகள் நேர்கோட்டில் போகும். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்து வந்தால் கால் மறைத்து விடும். காது உயரத்துக்குப் பக்கமாக இருந்தால் தெளிவாகக் கேட்கும். உங்கள் காரில் கண்ணாடி மூலையிலோ டாஷ்போர்டிலோ ட்வீட்டருக்கு இடம் விட்டிருந்தால் தனித்தனி வகையை வாங்கலாம். இடம் இல்லை என்றால் சேர்ந்திருப்பதே போதும். அதற்காக டாஷ்போர்டைத் துளைக்க வேண்டியது இல்லை.

கதவுதான் தவில்!

இப்போது நான் மிகவும் வற்புறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பாருங்கள். கீச்சென்று கேட்கும். அதையே ஒரு பலகையில் ஓட்டை போட்டுப் பொருத்திப் பாருங்கள். கனம் வந்து விடும்!

என்ன நடந்தது? கூம்பு முன்னால் வரும்போது முன் பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே நேரம் பின் பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் எதிரெதிர். ஒன்றோடு ஒன்று கலந்தால் ஒன்றை ஒன்று விழுங்கி விடும். தாழ்ந்த ஒலிகளில்தான் இது அதிகம். பலகை நடுவே சுவர் போல நின்றால், கலக்க முடியாது.

காரில் அந்தப் பலகை எது? கதவு!

ஆனால் கார்க் கதவைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். வெளித் தகடோ விரலால் தட்டினால் தகர டின் போலச் சத்தம் போடும். இந்தக் கதவில் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் ஒழுகுகிற குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். மைத்துனர் "தகர டப்பா" என்று சொன்னாரே, அது பாதி உண்மை. ஆனால் டப்பா ஸ்பீக்கர் அல்ல, கதவு.

தவிலின் தோலை மட்டும் உயர்ந்ததாகப் போட்டு, கட்டையை விரிசலோடு விட்டால் நாதம் வருமா?

இதற்கு வைத்தியம் இருக்கிறது. ரப்பர் போன்ற பசைப் பொருளின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட் விற்கிறது. "டாம்பிங் ஷீட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை வெளித் தகட்டின் உட்புறம் ஒட்டுகிறார்கள். உள் தகட்டின் ஓட்டைகளை மூடுகிறார்கள். ஸ்பீக்கரைத் தளராமல் ஒரு வளையத்தின் மேல் இறுக்கித் திருகுகிறார்கள். தகடு அதிர்வது குறைகிறது. முன் காற்றும் பின் காற்றும் கலப்பது குறைகிறது. பழைய ஸ்பீக்கரே புதிது போலப் பாடும். கூடவே லாரிகளின் இரைச்சலும் கொஞ்சம் குறையும்.

செய்கிறவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லி வையுங்கள். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவற்றை மூடக்கூடாது. மூடினால் கதவு துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் பாதையில் எதுவும் இடறக்கூடாது. மூன்றாவது, சில கார்களில் பக்கவாட்டு மோதலை அறிந்து காற்றுப் பையை விரிக்கும் கருவி கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்குள் காற்றழுத்தம் மாறுவதை வைத்து அது வேலை செய்யும். அப்படிப்பட்ட காரில் கம்பெனி சர்வீஸ் நிலையத்தைக் கேட்காமல் கதவில் கை வைக்கவே கூடாது.

செலவே இல்லாத வேலை

கடைக்குப் போகும் முன்பு ஒரு மணி நேரம் காரில் உட்காருங்கள்.

கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, சாவி எல்லாவற்றையும் எடுத்து விடுங்கள். "ஸ்பீக்கர் கிழிந்து விட்டது" என்று புகார் செய்கிறவர்கள் பலருடைய காரில் கரகரப்பது ஐந்து ரூபாய் நாணயம்தான்.

செட்டில் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். கைபேசியில் இருந்து பாட்டு வருகிறது என்றால் கைபேசியின் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, செட்டில் குறையுங்கள். யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பிய சுருங்கிப்போன பாட்டை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

பிறகு "பேடர்" என்று செட்டில் ஒரு வசதி இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். அதை முன் பக்கமாகச் சில படிகள் நகர்த்துங்கள். பாடகர் பின்னால் இருந்து முன்னால் வந்து நிற்பார்! கச்சேரிக்குப் போனால் மேடையைப் பார்த்துத்தானே உட்காருகிறோம். முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருகிறோம்?

"அப்படியானால் பின்னால் இருப்பவர்களுக்குப் பாட்டு வேண்டாமா?" என்று கேட்கலாம். கார் ஒரு சின்ன அறை. முன்னால் பாடினால் பின்னால் நன்றாகவே கேட்கும். மூன்று வரிசை உள்ள பெரிய வண்டியில் கடைசி வரிசைக்குப் போதாமல் இருக்கலாம். அங்கே கம்பெனி கொடுத்த பின் ஸ்பீக்கரை மெதுவாகப் பாட விடுங்கள். அதை மாற்றப் பணம் செலவழிக்கத் தேவை இல்லை.

இன்னும் வேண்டும் என்றால்

முன் கதவையும் முன் ஸ்பீக்கரையும் சரி செய்த பிறகும் திருப்தி வரவில்லையா? அப்போது சிறிய ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கலாம். செட் 20 வாட்டில் திணறுகிற இடத்தில் அது கை கொடுக்கும். புதிய கார்களில் செட்டும் பின்பக்கக் கேமராவும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. செட்டைக் கழற்றக் கூடாது. ஸ்பீக்கர் ஒயரில் இருந்தே பாட்டை வாங்கிக்கொள்ளும் ஆம்ப்ளிபயர்கள் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். ஸ்பீக்கர் அதிக வாட்டால் மட்டும் சாவது இல்லை. சின்ன செட்டை முழுசாகத் திருகி வைத்தாலும் சாகும். செட் தன் சக்திக்கு மேல் கத்தும்போது ஒலியின் வளைவு வெட்டுப்படுகிறது. அந்தக் கரடுமுரடான மின்சாரம் ட்வீட்டரின் மெல்லிய சுருளை எரித்து விடும். குரல் கரகரத்தால் உடனே குறைத்து விட வேண்டும்.

சப்-ஊஃபர்? அது கடைசி. டிக்கியில் பாதியை அடைக்கும். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையை எங்கே வைப்பது? இளைஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குடும்பக் காரில் அதற்கு இடம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒயரில் விளையாடாதீர்!

ஆம்ப்ளிபயருக்குப் பாட்டரியில் இருந்து தனியாக ஒரு தடித்த ஒயர் வரும். அதில் பாட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், ஒரு பியூஸ் இருக்க வேண்டும். எதற்கு? ஒயர் இரும்புத் தகட்டில் உராய்ந்து தோல் உரிந்தால், பாட்டரியின் மின்சாரம் முழுவதும் அந்த இடத்தில் பாயும். பியூஸ் இருந்தால் அது அறுந்து காப்பாற்றும். இல்லாவிட்டால் ஒயர் நெருப்பாகும். எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையமும் கட்டாயம் வேண்டும்.

பியூஸ் விலை அற்பம். அதை விட்டுவிட்டு "எல்லாம் போட்டாயிற்று சார்" என்று சொல்கிறவரும் உண்டு. பானெட்டைத் திறந்து, "பியூஸ் எங்கே? காட்டுங்கள்" என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

ஸ்பீக்கருக்குக் கம்பெனி ஒயரை வெட்டத் தேவையே இல்லை. பல கார்களுக்கு அப்படியே செருகுகிற கப்ளர் கிடைக்கிறது. ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி டேப் அவிழும். வாரண்டி கேட்கப் போனால், வெட்டிய ஒயரைக் காட்டித் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடுகிறது. பாட்டுக்காக அந்தப் பக்கம் யாரையும் போக விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு முன் ஸ்பீக்கர்களும் பாடும்போது தவில் ஓசை மெலிந்து, ஒரு பக்கத்தை மட்டும் பாட விட்டால் கனம் கூடுகிறதா? அப்படியானால் ஒரு ஸ்பீக்கருக்கு ஒயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். ஒன்று முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போகிறது. இரண்டு நிமிட வேலை. அங்கேயே திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அவர் எல்லா ஸ்பீக்கரும் அழகாகக் கேட்கும் பாட்டாகத்தான் வைத்திருப்பார். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டு போங்கள். பாடுகிறவரின் மூச்சு கேட்கிறதா, சொல் புரிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மனைவியையும் குழந்தைகளையும் கூட அழைத்துப் போய்ப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். அவர்கள் "போதும்" என்று சொல்லும் சத்தத்தில் கேட்டுப் பாருங்கள்.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைக் கடையிலேயே விட்டு வராதீர்கள். திருகாணி முதற்கொண்டு கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டி விட்டு, புதியதை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.